ஒரு சாண் ஆழம்

ஜூன் 4

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுபவர், சமையல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு மீட்புப் பிரிவுப் பொறுப்பாளர். அவர் உன் அண்ணனும்கூட. ஆனால் அந்த உறவுக்கு இந்தக் கடிதத்தில் வேலை இல்லை. மே 27 அன்று உன் செங்கல் சூளையில் நேர்ந்த தீ விபத்தைப் பற்றிய விசாரணையின் நிலையை உனக்கு முறைப்படி அறிவிப்பதே நோக்கம்.

விபத்துக்கு முந்தைய நாள் எங்கள் கிடங்கிலிருந்து உன் சூளைக்கு ஒரு லாரி கழிவு மண் வந்தது. அனுப்பும் முன் அதன் வெப்பம் விதிப்படி மூன்று இடங்களில் பார்க்கப்பட்டு, முப்பத்தெட்டு டிகிரி என்று பதிவாகியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட எல்லை நாற்பது. உன் இடத்தில் அந்த மண் பரப்பப்படாமல், குவியலாகவே தார்ப்பாயால் மூடப்பட்டது. மறுநாள் மதியம் தானாகப் பற்றிக்கொண்டது. ஆகவே, பெறுபவர் மண்ணை வைத்த முறையே தீக்குக் காரணம் என்று என் அறிக்கை கூறுகிறது. இன்றைய தேதியிட்ட அந்த அறிக்கையின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மறு உத்தரவு வரை உனக்கு மண் அனுப்புவது நிறுத்தப்படுகிறது. ஜூன் 24 காலை பத்து மணிக்கு மூவர் குழு கூடும். உன் சூளைக்கு இனி மண் கொடுக்கலாமா, அனுமதியை அடியோடு ரத்து செய்வதா என்பது அன்று தீர்மானிக்கப்படும். குழுவின் தலைவர் நான். நீ என் தங்கை என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்தேன். "மண்ணைப் பத்தி வேற யாருக்கு சார் தெரியும், நீங்களே இருங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

விசாரணைக் காலத்தில் பொருள் பெறுபவருடன் வாய்மொழித் தொடர்பு கூடாது என்பது விதி. நீ மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் நான் எடுக்காததற்குக் காரணம் இதுவே. சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுது. உன் கடிதங்களும் என் கடிதங்களின் நகல்களும் கோப்பில் சேரும்.

மேஸ்திரிக்குக் காயம் என்று அறிந்தேன். அதன் விவரத்தையும் தெரிவிக்கவும்.


ஜூன் 7

அண்ணா,

பொருள் பெறுபவர் எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் 'விரைவு' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாய். அந்தக் கோட்டையும் ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருக்கிறாய். நம் வீட்டில் உன்னைப் போல இரண்டு பிள்ளைகள் பிறக்காமல் போனது அம்மா செய்த புண்ணியம்.

மேஸ்திரிக்கு இடது புருவம் பாதி போய்விட்டது. கையில் இரண்டு கொப்புளம், ஆறிக்கொண்டிருக்கிறது. வேலைக்கு வருகிறார். எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்பது போலவே முகம் இருக்கிறது. கல் அடுக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். இதையும் கோப்பில் சேர்.

நடந்ததைச் சொல்கிறேன். 26-ஆம் தேதி சாயங்காலம் லோடு வந்தது. மழை மூட்டமாக இருந்தது. உலர்த்தும் கொட்டகையின் ஓரத்தில் கொட்டினோம். மழை பட்டால் மண்ணிலிருக்கும் எண்ணெய் வழிந்து ஓடைக்குப் போகும். போகக் கூடாது என்று நீயே ஒரு விதி போட்டிருக்கிறாய். அதனால் தார்ப்பாய் போடப்பட்டது. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடக் கை கழுவிக்கொண்டிருந்தபோது எண்ணெய் கருகுகிற வாசனை வந்தது. யாரோ அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். பார்த்தால் தார்ப்பாயின் நடுவில் காசு அளவுக்கு ஓர் ஓட்டை. அதைச் சுற்றிப் பாய் சுருங்கிக்கொண்டே போனது. மேஸ்திரி ஓடிப் போய்ப் பாயை இழுத்தார். காற்று பட்டதும் தீ எழுந்துவிட்டது. கூரை போயிற்று, பலகைகள் போயின, சுடாத பச்சைக் கல் ஒன்பதாயிரம் போயிற்று. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை, புருவத்தைத் தவிர.

அன்று சாயங்காலம் நீ வந்தாய். டேப் பிடித்து அளந்தாய். தண்ணீர் கொடுத்தேன். "ட்யூட்டில இருக்கேன்" என்றாய். ட்யூட்டியில் இருப்பவர்களுக்குத் தாகம் எடுக்காது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

உன் ரிஜிஸ்டரில் முப்பத்தெட்டு என்று இருக்கலாம். லாரி ஓட்டி வந்தவரைக் கேட்டாயா? மெதுவாக ஓட்டுவதால் 'நிதானம்' என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவர்தான் வந்தார். இறங்கியதும் சட்டையைப் பிடித்து விசிறிக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு அடுப்ப முதுகுல கட்டிக்கிட்டு ஓட்டுன மாதிரி இருந்துச்சு" என்றார். ஆறிப்போன மண் எப்படி முதுகைச் சுடும்?

அண்ணா, இந்த மண் இல்லாமல் என் சூளை ஓடாது. உனக்கே தெரியும். பதினோரு பேர் இதை நம்பி இருக்கிறார்கள். மற்றதைப் பற்றிச் சண்டை போட நமக்கு ஆயுசு இருக்கிறது. இதில் மட்டும் சரியாகப் பார்.


ஜூன் 10

தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு வரிசையாகப் பதில் தருகிறேன்.

புருவம் பற்றிய குறிப்பு கோப்பில் சேர்க்கப்பட்டது.

ஓட்டுநரின் முதுகு அளவைக் கருவி அல்ல. அவர் அமரும் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் வெயில் படும் பக்கம் இருக்கிறது. அருகிலேயே இயந்திரம் இருக்கிறது. அவருடைய சொல்லை நான் அலட்சியம் செய்யவில்லை. நேற்று அவரை அழைத்து எழுத்தில் வாக்குமூலம் பெற்றேன். "சூடுதான் சார், ஆனா எத்தன டிகிரின்னு என் முதுகுக்குத் தெரியாது" என்றார். நேர்மையான மனிதர்.

உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் கோப்புக்காக இதை எழுதுகிறேன். சுத்திகரிக்காத எண்ணெயின் நிறத்தைப் போக்க, நாங்கள் அதில் வெளுப்பு மண்ணைக் கலந்து சூடாக்கிக் கலக்குகிறோம். பிறகு வடிகட்டுகிறோம். எண்ணெய் தெளிந்து போய்விடும். நிறமும் அழுக்கும் மண்ணோடு தங்கும். கூடவே எண்ணெயும் தங்கும், எடையில் ஐந்தில் ஒரு பங்கு. இதைத்தான் கழிவு மண் என்கிறோம். அந்த எண்ணெய் காற்றோடு சேரும்போது மெல்லச் சூடாகும். பரப்பி வைத்தால் சூடு பறந்துவிடும். குவித்தால் உள்ளேயே தங்கும். சூடே சூட்டை வளர்க்கும். தீக்குச்சி வேண்டாம். இதனால்தான் பெறுபவர் மண்ணை அரை அடிக்கு மேல் குவிக்கக் கூடாது என்று விதி உள்ளது.

நான் இந்த ஆலையில் சேர்ந்தபோது இந்த மண்ணை வேலிக்கு வெளியே ஒரு குழியில் கொட்டினார்கள். அந்தக் குழி வாரத்தில் நான்கு நாள் புகைந்தது. சுத்திகரிப்பில் கழிந்த சோப்புக் கசடை வாய்க்காலில் விட்டார்கள். இன்று கசடு சோப்பு ஆலைக்குப் போகிறது. எண்ணெயின் வாடையைப் போக்கும்போது ஆவியிலிருந்து பிடிக்கும் வடிநீர் மருந்து ஆலைக்குப் போகிறது. எண்ணெயைக் குளிர்விக்கும்போது பிரியும் மெழுகு, மெழுகுவத்தி செய்பவரிடம் போகிறது. மண் உன்னிடம் வருகிறது. வேலிக்கு வெளியே எதுவும் கொட்டப்படுவதில்லை. இதைச் செய்ய இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விதி எழுதினேன். அந்த விதிகள்தாம் இதைத் தாங்கி நிற்கின்றன. ஓர் இடத்தில் தளர்த்தினால் மேலாளர் ஒரே வரியில் குழியைத் திறந்துவிடுவார்.

அந்த விதிகளை உனக்காகப் பன்னிரண்டு பக்கக் கையேடாக எழுதிக் கொடுத்தேன். உன் அலுவலக மேசையின் கால் ஆடாமல் இருக்க அதை அடியில் மடித்து வைத்திருப்பதை 27-ஆம் தேதி நானே பார்த்தேன். இதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

நீ அந்தச் சூளையில் எழுத்தராக இருந்தவள். முதலாளி கைவிட்டபோது குத்தகைக்கு எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். நீ கேட்கவில்லை. கேட்காததால் கெட்டுப்போகவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் இருப்பதே உனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.


ஜூன் 13

அண்ணா,

கையேட்டை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது மேசை ஆடுகிறது. இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

ஆனால் நான் அதைப் படித்துவிட்டுத்தான் அங்கே வைத்தேன். படிக்காமல் வைத்ததாக நினைக்காதே. பன்னிரண்டு பக்கத்தில் 'கூடாது' என்ற சொல் நாற்பத்தொரு இடத்தில் வருகிறது. எண்ணினேன்.

மண் இல்லாமல் ஒரு சூளை சுட்டுப் பார்த்தோம். களிமண்ணோடு உன் மண்ணைக் கலந்தால், அதிலிருக்கும் எண்ணெய் கல்லுக்கு உள்ளேயே எரியும். கல் உள்ளிருந்து வேகும். இப்போது வெளியே மட்டும்தான் நெருப்பு. விறகு இரண்டு மடங்கு போயிற்று. உடைத்துப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறம். மேஸ்திரி ஒரு கல்லை இன்னொரு கல்லோடு தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். "தொண்டை கட்டிருக்கும்மா" என்றார். வாங்குகிறவர் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். கல் அடுக்கும் பெண்களில் நான்கு பேரை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. அதில் ஒருத்தி, "பரவால்லக்கா, 24-ஆம் தேதி வரைக்கும்தானே" என்றாள். வேறு யார் இந்தக் கடிதத்தைப் படித்தாலும் இந்த இடத்தில் நின்று படிக்கட்டும்.

நேற்று அண்ணி போன் பண்ணினார்கள். அவர்கள்மேல் விதி எதுவும் இல்லையாம். "உங்க அண்ணன் ரெண்டு வாரமா தட்டப் பாத்தே சாப்பிடறாரு, என் மொகத்தப் பாத்தா நான் ஏதாவது கேட்டுருவேன்னு பயம்" என்றார்கள். இந்தப் பத்தியைக் கோப்பில் வைக்காதே. வைத்தால் அண்ணியிடம் நீயே சொல்லிக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். இங்கே மேஸ்திரி எந்தக் குவியலையும் கையால் தொட்டுப் பார்க்க மாட்டார். ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு கம்பி வைத்திருக்கிறார். அதைக் குவியலின் நடுவரைக்கும் செருகிவிட்டு, கால் மணி கழித்து உருவி, முன்கையில் வைத்துப் பார்ப்பார். மேலே எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் அதை நம்ப மாட்டார்.

உன் கையேட்டின் ஏழாம் பக்கத்தை நேற்று மறுபடி படித்தேன். மூன்று இடத்தில் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. மூன்று நாள் தினமும் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. எழுதியவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. உங்கள் தெர்மாமீட்டர் எவ்வளவு நீளம் அண்ணா?


ஜூன் 15

தங்கைக்கு,

ஜூன் 13 கடிதம் கிடைத்தது.

உன் கேள்விக்குப் பதில்: வெப்பமானியின் தண்டு ஒரு சாண் நீளம். விதி 4, 'குவியலில் ஒரு சாண் ஆழத்தில் வெப்பம் பார்க்கப்பட வேண்டும்' என்று கூறுகிறது. மே 26 அன்று அவ்வாறே பார்க்கப்பட்டது. பதிவேடு சரியாக இருக்கிறது.

இக்கேள்விக்கும் விபத்துக்கும் உள்ள பொருத்தத்தை நீ விளக்கவில்லை. விளக்கவும் வேண்டாம்.

அண்ணியைப் பற்றிய பத்தியை மறைத்து நகல் எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. முழுதாகவே சேர்த்துவிட்டேன். அவளிடமும் சொல்லிவிட்டேன்.


ஜூன் 18

அண்ணா,

நேற்று நிதானம் வேறு ஏதோ லோடோடு இந்தப் பக்கம் போனார். நின்று ஒரு டீ குடித்தார். "அக்கா, உங்க அண்ணன் கிடங்குல கடப்பாரையோட நிக்கறாரு. மூணு நாளா நிக்கறாரு. ஆலைய இடிக்கப் போறாரான்னு எல்லாரும் ஒரு பக்கமா ஒதுங்கிட்டோம்" என்றார். கூட நின்ற மேஸ்திரி, இருக்கிற ஒன்றரைப் புருவத்தையும் தூக்கினார்.

நீ அங்கே என்ன செய்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் நீ சொல்ல மாட்டாய். ஆனால் நீ கடப்பாரை பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் மட்டும் ஒன்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முதல் கடிதத்தில் 'தார்ப்பாய் போடப்பட்டது' என்று எழுதினேன். யார் போடச் சொன்னது என்று எழுதவில்லை. நான்தான் சொன்னேன்.

அன்று லோடு இறங்கியதும் மேஸ்திரி வழக்கம்போலக் கம்பியைச் செருகினார். உருவி முன்கையில் வைத்தார். வைத்த உடனே எடுத்துவிட்டார். "அம்மா, இது ஆறலை. பரப்பிடலாம். மழை வந்தா வரட்டும், கரை கட்டி எண்ணெயப் புடிச்சுக்கலாம்" என்றார். பரப்ப நான்கு ஆள் இரண்டு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லோடோடு வந்த சீட்டில் முப்பத்தெட்டு என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து. நான் அந்தச் சீட்டை அவரிடம் காட்டி, "எங்க அண்ணன் கையெழுத்து போட்டா அது முப்பத்தெட்டுதான். நீங்க கம்பிய நம்பறீங்களா, அவர நம்பறீங்களா? மூடிட்டு வாங்க" என்றேன்.

அவர் மூடிவிட்டுப் போனார். மறுநாள் பாயை இழுக்க முதலில் ஓடினவரும் அவர்தான். இன்று வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும்.

பரப்ப வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. மேஸ்திரியும் சொன்னார். நான் கேட்கவில்லை. நீ சொன்னது போல எனக்கு அது வழக்கம்தான்.

இதைக் கோப்பில் வை. வைக்காமல் இருக்க உன்னால் முடியாது என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். ரத்து என்று எழுத வேண்டி வந்தால் எழுது. ஆனால் அந்தப் பெண்களிடம் நானே சொல்ல வேண்டும், அதனால் முன்னதாக ஒரு வரி தெரிவி.

மேஸ்திரியின் பெயரில் மட்டும் எந்தக் குறையும் எழுதக் கூடாது. இதை உன் நாற்பத்தொன்றோடு நாற்பத்திரண்டாவது 'கூடாது' ஆகச் சேர்த்துக்கொள்.


ஜூன் 22

தங்கைக்கு,

உன் ஜூன் 18 கடிதம் கோப்பில் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. மேலாளரும் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அவங்களே ஒத்துக்கிட்டாங்களே சார். இதுக்கு மேல விசாரணை எதுக்கு? ரெண்டு வரி எழுதி முடிச்சிருங்க" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. பெறுபவரின் எழுத்துமூல ஒப்புதல் கிடைத்தால் தலைவர் விசாரணையை முடித்துக்கொள்ளலாம். அந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

நான் முடிக்கவில்லை. காரணத்தை முதலில் உனக்கு எழுதுகிறேன். இதன் நகல் நாளை குழுவுக்குப் போகும்.

ஜூன் 13 அன்று நீ கேட்ட கேள்வி எனக்குக் கோபத்தைத் தந்தது. கோபம் வந்தால் எதையாவது சரிபார்ப்பது என் வழக்கம். 15-ஆம் தேதி காலையில் உனக்கு அந்தச் சிறிய கடிதத்தை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டுக் கிடங்குக்குப் போனேன். குவியலின் முன்னால் நின்றேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாரத்தில் ஆறு நாள் நின்ற இடம். குவியல் என் மார்பளவுக்கு இருந்தது.

விதி 4-ஐ நான் எழுதியபோது எங்களிடம் சிறிய வடிகட்டி இருந்தது. மண் குறைவாக விழும்; குவியல் முழங்கால் அளவுக்கு மேல் போகாது. முழங்கால் அளவுக் குவியலில் ஒரு சாண் என்றால் ஏறத்தாழ நடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரிய வடிகட்டி வந்தது. அதை வாங்கக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். மண் மூன்று மடங்கு விழுந்தது. இடம் அதே இடம். குவியல் உயர்ந்தது. ஒரு சாண் ஒரு சாணாகவே இருந்தது. அன்று நாங்கள் பார்த்தது மண்ணின் நடுவை. இப்போது பார்ப்பது அதன் தோலை.

கடப்பாரையால் குவியலைத் துளைத்து, ஓர் இரும்புக் குழாயைச் செருகி, அதற்குள் வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினேன். ஒரு நாள் பார்த்துச் சொன்னால் தற்செயல் என்பார்கள். ஆகவே மூன்று நாள், ஒரே நேரத்தில் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் முப்பத்தேழு. ஒரு முழத்தில் ஐம்பத்தெட்டு. நடுவில் எண்பத்து மூன்று. மூன்றாம் நாள் குழாயை உருவியபோது அதன் முனையில் ஒட்டியிருந்த மண் கருகியிருந்தது.

கிடங்குத் தொழிலாளி பக்கத்தில் நின்றார். ஒன்பது ஆண்டுகளாக வெப்பம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுபவர். அவரிடம், "உள்ளே இப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். லோடர் அள்ளும்போது ஆவி வரும்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஒரு சாண்னு எழுதியிருந்தீங்க சார். நாங்க ஒரு சாண்தான் வச்சோம். ஒரு நாளாச்சும் கூடக் கொறைய வச்சிருக்கோமா சொல்லுங்க."

வைக்கவில்லை. பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். கடந்த பதினான்கு மாதங்களில் ஐந்து இடங்களில் 'ஆவி காணப்பட்டது, தண்ணீர் தெளிக்கப்பட்டது' என்று இருக்கிறது. ஐந்திலும் கீழே என் கையெழுத்து. அது ஆவி அல்ல, புகை. ஆவி என்று எழுதினால் விதிப்படி யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை; படிவத்தில் புகைக்குக் கட்டம் இல்லை.

ஆக, மே 26 அன்று அந்த லாரி எங்கள் கேட்டைத் தாண்டியபோதே மண்ணின் நடுப்பகுதி எல்லையைவிட இரு மடங்கு சூடாக இருந்திருக்க வேண்டும். ஓட்டுநரின் முதுகைப் பற்றி நான் எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

உன் தவறை நான் குறைக்கப் போவதில்லை. பரப்பு என்று கையேட்டில் இருந்தது. பரப்பு என்று மேஸ்திரி சொன்னார். நீ மூடச் சொன்னாய். பரப்பியிருந்தால் கொட்டகை எரிந்திருக்காது. இது கோப்பில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது, இருக்கும். ஆனால் அவருடைய கம்பியைவிட என் கையெழுத்தை நீ நம்பினாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் மூன்று நாட்களாக என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. நீ என் பேச்சைக் கேட்பதே இல்லை என்று உன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒருமுறை கேட்டாய். அன்று நான் கொடுத்த எண் தவறாக இருந்தது.

மேஸ்திரி மீது எந்தக் குறையும் எழுதப்படாது. கம்பி வைத்துப் பார்க்கும் அவர் முறையை எழுத்தில் தருமாறு கேட்க விரும்புகிறேன். எழுத அவருக்குச் சிரமம் என்றால் அவர் சொல்ல நீ எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கு.

நேற்று மேலாளரைச் சந்தித்தேன். சாட்சியாக இருக்க வேண்டியவர் தலைவராக இருக்க முடியாது. ஆகவே குழுவிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். "வேண்டாம் சார். இது வெளிய வந்தா அவங்க சூளை மட்டுமில்ல, உங்க பிரிவே கேள்விக்கு வரும். பழையபடி குழியே போதும்னு மேல சொல்லிருவாங்க" என்றார். சொல்லலாம். அதற்கான பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்: குவியல் முழங்கால் அளவைத் தாண்டக் கூடாது, வெப்பம் குவியலின் நடுவில் பார்க்கப்பட வேண்டும், தண்டு போதாவிட்டால் நீளமானது வாங்கும் வரை ஒரு லாரியும் வெளியே போகக் கூடாது, புகைக்கு ஒரு கட்டம் வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் மண்ணை உனக்குப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்பதை எண்களோடு காட்டியிருக்கிறேன். அவர்கள் ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது. தலைவர் இடத்துக்கு ஆய்வகப் பொறுப்பாளர் வருகிறார். கண்டிப்பானவர். எனக்கோ உனக்கோ சலுகை காட்ட மாட்டார். நீ வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்ன அந்த நான்கு பெண்களிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் 24-ஆம் தேதி மதியத்துக்குள் உனக்கே தெரிந்துவிடும்.

நாளை மறுநாள் பத்து மணிக்குக் குழு கூடும்போது நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார மாட்டேன். உனக்குப் போடும் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து எழுந்து, ஜூன் 4 தேதியிட்ட என் அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்பேன். வாசித்து முடித்ததும், இது தவறு, இதை எழுதியவன் நான், இதைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லி, அவர்கள் முன்னிலையில் கையெழுத்திடுவேன்.